ஆடுகிற பல்லும் கரைந்த எலும்பும்: ஸ்டெம் செல் வரும்வரை பொறுத்திருக்கலாமா?

உப்புவெளியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 54 வயது. கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றும் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன, முரசு (ஈறு) இறங்கி வேர் தெரிகிறது. ஒரு இடத்தில் "எலும்பு கரைஞ்சு போச்சு, கழட்டத்தான் வேணும்" என்றார்கள். இன்னொரு இடத்தில் "ஸ்டெம் செல் வைத்து எலும்பை வளர்க்கலாம்" என்று பெரிய தொகை கேட்டார்கள். இரண்டில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி கடைசி வரியில்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்: "இன்னும் நாலைஞ்சு வருசம் பொறுத்தா ஆய்வுகூடத்தில வளர்த்த முரசும் எலும்பும் வந்திடாதா?" அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

பேராதனையில் படித்துவிட்டு 26 வருடமாகப் பல் வைத்தியம் செய்கிறேன், அதில் பெரும்பகுதி திருகோணமலையில். முரசைத் திறந்து துப்புரவு செய்வது, எலும்புத்தூள் வைப்பது, மென்சவ்வு வைத்துத் தைப்பது எல்லாம் என் கையால் செய்தவை. கலங்களை (செல்களை) ஆய்வுகூடத்தில் வளர்த்து நோயாளிக்கு வைத்தவன் அல்லன். அந்தப் பகுதியை வாசித்த ஆய்வுகளை வைத்தே சொல்கிறேன். உங்கள் அம்மாவின் எக்ஸ்ரேயையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றை அடித்துச் சொல்வேன்: பொறுத்திருப்பது மட்டும் வேண்டாம். ஏனென்று சொல்லப் பல் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. ஏணையில் பிள்ளை கிடப்பதுபோல் நாரில் தொங்குகிறது. வேரின் மேல் சீமெந்து என்று ஒரு மெல்லிய படை. வேருக்கு வெளியே பற்குழி எலும்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவேயான இடைவெளி. அந்த இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கான நார்கள், ஒரு முனை சீமெந்துக்குள்ளும் மறுமுனை எலும்புக்குள்ளும் புதைந்திருக்கின்றன. முறுக்கைக் கடிக்கும்போது கல் இருந்தால் சட்டென்று வாய் நின்றுவிடுகிறதே, அது அந்த நார்களுக்கிடையே ஓடும் நரம்புகளின் வேலை. ஆகவே "எலும்பை வளர்ப்பது" என்று சுருக்கமாகச் சொன்னாலும், வளர வேண்டியவை நான்கு: எலும்பு, நார், சீமெந்து, இவற்றை மூடும் முரசு. நான்கும் ஒன்றோடொன்று பிணைந்து வளர வேண்டும். எலும்பு மட்டும் வளர்ந்து வேரை நேரே தொட்டால் அது வேரோடு ஒட்டிப்போகும், காலப்போக்கில் வேரையே தின்னத் தொடங்கும்.

முரசு நோயில் நடப்பது இது. வேரில் படியும் ஊத்தைக்குள் பற்றீரியாக்கள் குடியேறுகின்றன. அவற்றோடு சண்டை பிடிக்கும் உடம்பின் அழற்சியே நாரையும் எலும்பையும் கரைக்கிறது. முரசுக்கும் பல்லுக்கும் இடையே பை ஒன்று விழுகிறது. நாங்கள் மழுங்கிய நுனியுள்ள அளவுக் கம்பியை அதற்குள் விட்டுப் பார்ப்போம். நல்ல முரசில் 1 முதல் 3 மில்லிமீற்றரில் கம்பி நின்றுவிடும். நோய் உள்ள இடத்தில் 7, 8 என்று தடையில்லாமல் இறங்கும். எடுத்த மறுகணம் முரசு விளிம்பில் ஒரு சொட்டு இரத்தம் குன்றிமணிபோல் திரண்டு நிற்கும். நோயாளிக்கு நோவே இருக்காது. அதனால்தான் இவ்வளவு காலம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

"அம்மாவுக்குப் பூச்சிப்பல் ஒண்டுகூட இல்லை, பிறகேன் பல் ஆடுது?" என்றும் கேட்டிருந்தீர்கள். பூச்சிப்பல்லும் முரசு நோயும் வெவ்வேறு வியாதிகள். இதற்கு உலகப் பாடநூல்கள் எல்லாம் காட்டும் சான்று எங்கள் நாட்டிலிருந்தே போனது. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1970 தொடக்கம் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 ஆண்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். தூரிகையோ பல் வைத்தியமோ எட்டாத மக்கள் அவர்கள். பூச்சிப்பல் கிட்டத்தட்ட இல்லை, ஊத்தை எல்லாருக்கும் இருந்தது. ஆனாலும் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம், மீதி 11 சதவீதம் பேருக்கு முரசு அழற்சிக்கு மேல் போகவே இல்லை. வேகமாக ஓடியவர்கள் 35 வயதில் பல்லின் பிடிமானத்தில் சராசரியாக 9 மில்லிமீற்றர் இழந்திருந்தார்கள். நோய் முன்னேறாதவர்களின் இழப்பு 1 மில்லிமீற்றர்கூட இல்லை. அந்த மனிதர்களுக்கு அந்தப் பதினைந்து வருடத்தில் வைத்தியம் கிடைக்கவில்லை என்பதை நினைக்காமல் இந்த எண்களை என்னால் சொல்ல முடிவதில்லை. உங்கள் அம்மா அழுக்கான ஆள் என்று யாரும் சொல்ல வேண்டாம். உடம்பு வாகு, சீனி வருத்தம், புகையிலை எல்லாம் இதில் சேர்கின்றன.

இனி வளர்ப்பதைப் பார்ப்போம். 1976இல் மெல்ச்சர் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார்: துப்புரவு செய்த வேரின் மேல் எந்தக் கலங்கள் முதலில் குடியேறுகின்றனவோ அவையே அந்த இடத்தில் என்ன வளரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. முரசின் மேற்பரப்பை மூடும் மேலணிக் கலங்கள்தான் எல்லாவற்றிலும் வேகமானவை. புண்ணைத் தைத்து முடிந்ததும் அவை வேர் வழியே கீழே ஓடி இறங்கிவிடும். புண் ஆறும், முரசு அழகாக மூடும், ஆனால் உள்ளே நார் பிடித்திருக்காது. நாரையும் சீமெந்தையும் உண்டாக்கக்கூடிய கலங்கள் மிச்சமிருக்கும் நாருக்குள்தான் இருக்கின்றன. அவை மெதுவானவை. அவை வந்து சேர்வதற்குள் இடம் பறிபோய்விடும்.

நகரத்துக்குள் மான் திரியும் ஊர் எங்களுடையது. முற்றத்தில் கன்று நட்டவர் முதலில் அதைச் சுற்றிக் கூடு கட்டுவார். அதே வேலையைத்தான் 1982இல் நைமன், லிண்டே, காரிங் ஆகியோர் சேர்ந்த குழு சுவீடனில் செய்து காட்டியது. ஒரு நோயாளியின் கீழ் முன்பல்லில், முரசுக்கும் வேருக்கும் நடுவே வடிதாள் ஒன்றை வேலியாக வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் பல்லைச் சுற்றியிருந்த இழையத்தோடு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். நோயால் வெறுமையாகிக் கிடந்த வேரில் புதுச் சீமெந்தும், அதற்குள் புதைந்த புது நாரும் இருந்தன. இன்று நாங்கள் வைக்கும் மென்சவ்வு தானாகக் கரையும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது, திறந்து எடுக்க வேண்டியதில்லை. கரைந்த எலும்பு திரும்ப வளருமா என்ற கேள்விக்கு, வளரும் என்ற பதில் நாற்பது வருடத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதில் ஐயமில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் வளராது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நான்கு பக்கமும் கட்டு இருக்கிறது, நீர் நிற்கிறது. எலும்பு பள்ளமாகக் கரைந்து மூன்று பக்கம் எலும்புச் சுவரும் நான்காவது பக்கம் வேருமாக இருந்தால் அது அப்படியொரு கிணறு. இரத்தக்கட்டி அசையாமல் நிற்கும், கலங்களுக்கு ஒதுக்கிடம் கிடைக்கும், மூன்று சுவர்களிலிருந்தும் எலும்பு நகர்ந்து வரும். வாடைக் காலத்தில் கடல் கரையை ஒரே மட்டமாக அரித்துக்கொண்டு போகுமே, அப்படி எலும்பு வாய் முழுக்க மட்டமாக இறங்கியிருந்தால் எதை வைத்தாலும் நிற்பதற்கு இடமில்லை. இன்றைய எந்த முறையும், பின்னால் நான் சொல்லப்போகும் இழையப் பொறியியல் உட்பட, மட்டமாக இறங்கிய எலும்பை நம்பகமாக மேலே ஏற்றியதில்லை. உங்களுக்கு வைத்தியர் சொன்ன "எலும்பு கரைஞ்சு போச்சு" என்ற வசனத்தில் குறைவது இதுதான்: எவ்வளவு கரைந்தது என்பதோடு என்ன வடிவத்தில் கரைந்தது என்பதும் வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ ஆழமான இத்தகைய பள்ளங்களுக்கு மீள்வளர்ப்புச் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன.

கிடைக்கும் பயன் எவ்வளவு என்பதையும் நேராகச் சொல்கிறேன். முரசைத் திறந்து துப்புரவு மட்டும் செய்வதைவிட, வேலி வைப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பிடிமானம் சராசரியாக 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். பன்றியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுக்கும் மிளிரிப் (பல்லின் வெளிப்படை) புரதக் கூழை வேரில் பூசுவது இன்னொரு முறை. 1990களின் நடுவிலிருந்து கையாளப்படுகிறது. அதன் பயனும் ஏறக்குறைய அதே அளவு. சராசரி என்பதால் சிலருக்கு 4, 5 மில்லிமீற்றர் கிடைத்திருக்கும், சிலருக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. புகைப்பவர்களுக்குப் பயன் குறைவாகவே கிடைக்கிறது. மீன்பிடிக்குப் போகிற ஒருவருக்கு நான் வைத்த மென்சவ்வு மூன்றாவது கிழமையே முரசைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. பீடியை விட்டுவிட்டேன் என்றார். நான் அதை மேலும் விசாரிக்காமல் கத்தியை எடுத்தது தவறு. மூதூர் ஆசிரியை ஒருவரின் கடைவாய்ப்பல்லில் இருந்த மூன்று சுவர்ப் பள்ளமோ ஒரு வருடத்தில் எக்ஸ்ரேயில் வெள்ளையாக நிரம்பியிருந்தது. அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து அவருக்குக் காட்டினேன். அப்போதும் "எலும்பு நிரம்பியிருக்கு" என்றுதான் சொன்னேனே தவிர "நார் பிடிச்சிருக்கு" என்று சொல்லவில்லை. எக்ஸ்ரேயில் நார் தெரியாது. அதை உறுதிப்படுத்தப் பல்லையும் எலும்பையும் வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும், உயிரோடு வேலை செய்யும் பல்லில் அதை யாரும் செய்யமாட்டார்கள்.

இழையப் பொறியியல் என்பது இந்த மெதுவான கலங்களுக்கு வேலி போடுவதோடு நிற்காமல், அவற்றுக்கு வேண்டியதெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது. மேசன்மார் கட்டும் சாரம்போல் கலங்கள் ஏறி நிற்க ஒரு சட்டகம், "வா, பெருகு" என்று அழைக்கும் வளர்ச்சிக் காரணிகள், வேலை செய்யக் கலங்கள். இந்த மூன்றில் முதலிரண்டும் வைத்தியத்துக்கு வந்துவிட்டன. கல்சியம் பொசுபேற்று மணிகளில் குருதிச்சிறுதட்டுகளின் வளர்ச்சிக் காரணியை ஊறவைத்த மருந்துக்கு அமெரிக்கா 2005இல் அனுமதி கொடுத்தது. இன்னொரு வளர்ச்சிக் காரணி கொண்ட கூழுக்கு ஜப்பான் 2016இல் அனுமதி கொடுத்தது. இவை உண்மையான மருந்துகள். பள்ளத்தின் வடிவம் சரியாக இருந்தால் பயன் தருகின்றன.

மூன்றாவதான கலங்களில்தான் நம்பிக்கையும் ஐயமும் கலந்து கிடக்கின்றன. பல்லின் நாருக்குள் குருத்துக் கலங்கள், அதாவது ஸ்டெம் செல்கள், இருக்கின்றன என்பது 2004இல் உறுதியானது. பிடுங்கிய ஞானப்பல்லின் வேரில் ஒட்டியிருக்கும் நாரைச் சுரண்டி எடுத்தால் போதும், அவற்றை வளர்க்கலாம். ஜப்பானில் இதற்கு ஒரு அருமையான வழி கண்டிருக்கிறார்கள். உடல் வெப்பத்தில் கலங்கள் ஒட்டி வளரும் ஒரு தட்டு. அதைக் குளிர்த்தினால் அதன் மேற்பரப்பு நீரை உறிஞ்சிக் கலங்களை விட்டுவிடும். சுரண்டாமல் கிழிக்காமல் ஒரு முழுத் தாளாகக் கலங்கள் கழன்று வரும். அப்படி மூன்று தாளை அடுக்கி வேரில் போர்த்தி, பள்ளத்தைக் கல்சியம் பொசுபேற்றால் நிரப்பி 10 நோயாளிகளில் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ஆறு மாதத்தில் எலும்பின் உயரம் சராசரியாக 2.3 மில்லிமீற்றர் கூடியிருந்தது. வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கலம் வைக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. ஒப்பீட்டோடு செய்த ஆய்வு சீனாவிலிருந்து 2016இல் வந்தது. ஒரு குழுவுக்கு நோயாளியின் சொந்தக் குருத்துக் கலங்களும் மாட்டெலும்புத் தூளும், மற்றக் குழுவுக்குத் தூள் மட்டும். இரண்டு குழுவிலும் எலும்பு வளர்ந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பாதுகாப்பாக இருந்தது, அதுவும் முக்கியம்தான். ஆனால் பாதுகாப்பு வேறு, பயன் வேறு. முப்பரிமாணத்தில் அச்சிட்ட சட்டகம் ஒன்றையும் 2015இல் ஒரு நோயாளிக்கு வைத்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். 12 மாதம் மூடிக் கிடந்தது, 13ஆவது மாதம் முரசுக்கு வெளியே வந்துவிட்டது. தோல்வியை ஒளிக்காமல் எழுதினார்கள். கரைய வேண்டிய வேகத்தில் சட்டகம் கரையாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதிலிருந்துதான் மற்றவர்கள் படித்தார்கள்.

ஆகவே கலங்களை வைத்துச் செய்யும் வைத்தியம் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில் இருக்கிறது. உங்களிடம் பெரிய தொகை கேட்ட இடம் என்ன வைக்கப்போகிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கையிலிருந்து இரத்தம் எடுத்து, சுழல் இயந்திரத்தில் போட்டு, மேலே திரளும் மஞ்சள் கட்டியைப் பள்ளத்தில் வைப்பதாக இருந்தால் அதன் பெயர் பி.ஆர்.எஃப். பிரான்சில் 2001இல் அறிமுகமானது. நானும் செய்கிறேன். விரலில் எடுத்தால் நுங்குத் துண்டுபோல் வழுக்கும். புண் ஆறுவதற்கு நல்லது, சரியான பள்ளத்தில் எலும்புக்கும் ஓரளவு உதவுகிறது. ஆனால் அது ஸ்டெம் செல் வைத்தியம் அல்ல, அந்தப் பெயரில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. "கலத்தை எங்கே வளர்க்கிறீர்கள், எத்தனை கிழமை எடுக்கும்?" என்று கேளுங்கள். ஒரே நாளில் முடியும் என்றால் அங்கே கலம் எதுவும் வளர்க்கப்படவில்லை.

முரசைப் பற்றி: வேர் தெரிவதை மூட அண்ணத்திலிருந்து இழையம் எடுத்து ஒட்டுவது நன்றாக நிலைத்த முறை. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களாலான முரசு ஒட்டு ஒன்றுக்கும் அமெரிக்கா 2012இல் அனுமதி கொடுத்தது. ஆனால் பற்களுக்கு இடையே எலும்பு போய்விட்ட இடத்தில் முரசை முழு உயரத்துக்கு ஏற்ற முடியாது. அம்மாவின் முன்பற்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்கு முக்கியமான இன்னொன்று. மேலே சொன்ன பொருட்களில் பல மாட்டெலும்பிலிருந்தும் பன்றித் தோலிலிருந்தும் பன்றிப் பல்லிலிருந்தும் வருபவை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், தையல் எல்லாம் போட்டு முடிந்த பிறகு, "டொக்டர், இது எதில செய்தது?" என்று கேட்டார். அன்று வைத்தது செயற்கைத் தூள் என்பதால் தப்பினேன். அதிலிருந்து சைவராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். செயற்கை மணிகளும் சொந்த எலும்பும் சொந்த இரத்தமும் இருக்கின்றன. அம்மா மாமிசம் தொடாதவர் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே கேட்காமல் விடாதீர்கள்.

இனிப் பொறுத்திருப்பது ஏன் கூடாது என்று. வளர்க்கும் கலங்கள் மிச்சமிருக்கும் நாரிலிருந்தே வர வேண்டும். நோய் ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வொரு மாதமும் அந்த நார்தான் குறைகிறது, மூன்று சுவர்ப் பள்ளம் இரண்டு சுவராகிறது, பிறகு மட்டமாகிவிடுகிறது. நாளைக்கு எவ்வளவு நல்ல வைத்தியம் வந்தாலும் அதற்கு நிற்க இடம் வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றுவதும் சரியல்ல. கழற்றினால் நார் முழுவதும் போய்விடும், 12 மாதத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதியளவு சுருங்கும். பதிலுக்கு வைக்கும் செயற்கை வேருக்கு (இம்பிளான்ட்) நார் கிடையாது. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிடப்பட்ட, வேர் நுனிவரை பிடிமானம் இழந்த 25 பற்களில் இத்தாலியில் மீள்வளர்ப்பு செய்து பார்த்தார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு 23 பற்கள் வாயில் இருந்தன. மிகத் தேர்ந்த கைகள், மிகக் கவனமாகத் தெரிந்தெடுத்த நோயாளிகள். எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு வராது. ஆனாலும் ஆடுகிற பல் என்றாலே கழற்ற வேண்டிய பல் என்ற எண்ணத்தை அந்த ஆய்வு எனக்குள் அசைத்துவிட்டது.

அதனால் இப்போது செய்ய வேண்டியது, தம்பி, வேர்வரைக்கும் ஆழத் துப்புரவு. அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் முதலில் புகையிலையை நிறுத்த வேண்டும். சீனி வருத்தம் இருக்கிறதா என்று எழுதவில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த ஒட்டும் சரியாகப் பிடிக்காது. ஆடும் முன்பற்களைப் பின்பக்கத்தில் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு பிணைத்துவிட்டால் சாப்பிட இலகுவாக இருக்கும். 8 முதல் 12 கிழமை கழித்துத் திரும்பவும் அளந்து பார்க்க வேண்டும். இதோடு மட்டுமே 7 மில்லிமீற்றர்ப் பை 4க்கு வந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் கடைவாய்ப்பல்லில் ஆழமான பள்ளம் மிச்சமிருந்தால் சத்திரசிகிச்சையைப் பேசலாம். அதற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். போகும்போது அந்தப் பல்லின் வேர் நுனிவரை தெரியும் சின்ன எக்ஸ்ரேயையும், பழைய படம் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் கொண்டுபோங்கள். எலும்பு எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.